சொட்டாத படகு

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் நலமாயிருக்க வேண்டும். இங்கே உங்கள் மகள் வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள். விடுமுறைக்கு வந்ததிலிருந்து ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை சொல்லிக் காட்டியும் இருக்கிறீர்கள்.

போனில் பேசியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் பழசெல்லாம் என் வாய்க்கு வந்துவிடும், சொல்ல வந்தது விட்டுப்போகும். அதனால்தான் காகிதம். லாரிக்காரர் இன்று மாலை உங்கள் பக்கம் போகிறார். உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். என் மகளிடம் காட்டவேண்டாம், அழுவாள்.

விஷயம் படகு. நீங்களும் என் மகனும் சேர்ந்து இழைத்துப் பெயின்ட் அடித்த அதே பாய்மரப் படகு. புரொப்பல்லர் தண்டு அடிப்பலகை வழியாக வெளியே போகிற இடத்தில், மழைக்காலத்திலிருந்தே தண்ணீர் கசிந்தது. முதலில் சொட்டுச் சொட்டாக. பிறகு காலையில் போய்ப் பார்த்தால் இன்ஜினுக்குக் கீழே குளம். நானும் வாலுவும் வாளி வாளியாக இறைத்தோம்.

படகைக் கரையேற்றிச் செய்யுங்கள் என்று பட்டறைக்காரர் சொன்னார். உங்கள் மச்சான் கேட்பானா? தண்ணீரில் நிற்கும்போதே நானே செய்கிறேன் என்று முங்கி, வெளிப்பக்கம் தண்டைச் சுற்றித் துணி கட்டினான். உள்ளே நட்டைக் கழற்றி, தண்ணீரை அடைக்கத் தண்டைச் சுற்றித் திணித்திருந்த, மக்கிப்போன கிளாண்ட் கயிற்றைக் கொக்கி விட்டுத் துண்டு துண்டாகப் பிடுங்கினான். துணியையும் மீறித் தண்ணீர் பீய்ச்சியது. வாலு பம்ப் அடித்தாள். நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். கிரீஸ் தடவிய புதுக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டித் திணித்து, நட்டைத் திருகினான். திருகினான், திருகினான், கழுத்து நரம்பு புடைக்கத் திருகினான். அவன் மூடின எண்ணெய் பாட்டிலை இந்த வீட்டில் வேறு யாரும் திறந்ததில்லை, தெரியுமே.

வெளியே கட்டின துணியையும் அவிழ்த்தாயிற்று. இப்போது உள்ளே பொட்டுத் தண்ணீர் கிடையாது. "பாரும்மா, உன் அடுப்பங்கரையைவிடக் காஞ்சு கெடக்கு" என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வாலுவும் கைதட்டினாள். எனக்குத்தான் கை தட்ட வரவில்லை.

படகு முதன்முதலில் தண்ணீரில் இறங்கிய நாள் உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. நீலச் சட்டை போட்டிருந்தீர்கள், முழங்கைவரை கிரீஸ். இன்ஜின் ஓடும்போது அந்தத் தண்டில் சொட்டு விழுவதைப் பார்த்து, ஐயோ ஓட்டைப் படகு என்று நான் கத்திவிட்டேன். எல்லார் முன்னாலும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "ஓடும்போது சொட்டணும் அத்தை. சொட்டலைன்னா சூடேறிக் கயிறு கருகிடும். அப்புறம் நடுக்கடல்ல மொத்தமா வாயைத் திறக்கும்" என்றீர்கள். உங்கள் தம்பியும் சிரித்தார், பெயின்ட்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். கூடவே அந்தப் பேச்சும் இருந்துவிட்டது.

நேற்றுத் துறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட்டினான். அணைத்ததும் குனிந்து நட்டின்மேல் விரலை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம்போல் சுட்டது. இன்னும் எரிகிறது. கொஞ்சம் தளர்த்துடா, சொட்டட்டும் என்றேன். "புதுக் கயிறு அப்படித்தான் இருக்கும். இது யாரு பேச்சுன்னு எனக்குத் தெரியும்மா, அந்த ஆளை என் படகுல ஏத்தாதே" என்று எழுந்து போய்விட்டான். நானே ஸ்பேனரைப் பிடித்துப் பார்த்தேன். அவன் முடுக்கினதை நானா அசைப்பேன்?

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. "இவன் கையில ஸ்பேனரைக் குடுத்தா நட்டே அழும்" என்று அவன் கூட்டாளிகள் முன்னால் சொன்னவர் நீங்கள். அவன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அன்று சண்டை முற்றி நீங்கள் அறைந்து சாத்திவிட்டுப் போன கேட் இன்னும் கோணிக்கொண்டுதான் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எதிர்த் தீவுக்குப் போகிறான். வாலுவும் போகிறாள். அங்கிருந்து உங்களுக்குப் படம் அனுப்பி அசத்த வேண்டுமாம். என்னையும் வாயைத் திறக்காதே என்றார்கள். காற்றிருந்தால் பாய் போதும் என்கிறான். முகத்துவாரத்தில், அந்தப் பாறைகளுக்கு நடுவே, இன்ஜின் இல்லாமல் எப்படிப் போவது? போகாதேடி என்றால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. நான் கூப்பிட்டதாக அவனுக்குத் தெரியவும் கூடாது. மகளைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. சனிக்கிழமை முழுக்க அவன் படகில்தான் இருப்பான். ஸ்பேனர் அவன் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் நின்று சொன்னால் போதும். கேட்டின் தாழ்ப்பாள் விழுவதில்லை. தோளால் தள்ளினால் திறந்துகொள்ளும்.

அந்தத் தண்டு சொட்டுவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை. அப்போது நீங்கள் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தடவை மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பெண்டாட்டி பிள்ளையோடு நீங்கள் நெடுநாள் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அத்தை