சொன்னபடியே எடுத்தது

ஜூன் 2, திங்கள்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. மாற்றியவர் தரையைத் துடைக்காமல் போனார், நான் துடைத்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் மகளுக்கு வேலை ஐந்து மணிக்கு முடிகிறது. எட்டு மணிக்கு வந்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. தெரியும். தெருமுனைத் தையல் கடை. அங்கே நாலைந்து பெண்கள் கூடி ராப் பாடுகிறார்கள். இவளுக்கு அங்கே பெயர் "ஊசி". நானும் அவரும் இரண்டு மாதம் யோசித்து வைத்த பெயர் ஒன்று இருக்கிறது.

சாப்பிடும்போது சொன்னாள்: "மம்மி சொன்னாங்க, மூச்சை வயித்துல பிடிக்கணுமாம், நெஞ்சுல இல்லையாம்."

எந்த மம்மி?

என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். தையல்காரியை மம்மி என்கிறாள். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், அதற்கு ஒன்றும் அர்த்தம் இல்லையாம். மூன்று முறை கரு தங்காமல் போய், நாற்பத்து மூன்றாவது வயதில் பெற்றவள் நான். அர்த்தம் இல்லாத சொல்லைச் சொல்வானேன்?

ஜூன் 4, புதன்

தையல்காரி எட்டாவது வரைதான் படித்திருக்கிறாள் என்று பால் கொண்டுவருபவர் சொன்னார். அவராகவே சொன்னார்.

இல்லை. நான் கேட்டேன்.

ஜூன் 7, சனி

கூடத்துத் திரைச்சீலையின் ஓரம் பிரிந்திருந்தது. என் கையாலேயே தைத்திருக்கலாம். எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

சின்னக் கடை. பின்னால் ஓர் அறை. நாலு சுவரிலும் துணிச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. குரல் எதிரொலிக்காது என்பதால் அங்கேதான் பதிவு செய்கிறார்களாம். தாளம் அமைப்பவள் தையல்காரியின் மகள். மடிக்கணினியை இஸ்திரி மேஜைமேல் வைத்திருந்தாள். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, கையை வெட்டி வெட்டி வீசி, மழைத் தண்ணீர் குழாயில் இறங்குவது மாதிரி சொற்களைக் கொட்டினாள். தையல்காரி மெஷினை நிறுத்தி, மிதியில் வைத்த காலைக்கூட அசைக்காமல் கேட்டாள். முடிந்ததும், "ரெண்டாவது அடியில ஒரு சொல்லை முழுங்கிட்டடீ. பசிக்குதா உனக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள்தான் அதிகம் சிரித்தாள். திருத்தினால் சிரிக்கிற பெண் அவள் என்பது எனக்குத் தெரியாது.

பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. விளக்கை அணைத்தது போல.

"நீங்கதான் ஊசியோட அம்மாவா? வாங்கக்கா, உக்காருங்க. எப்பேர்ப்பட்ட பொண்ணைப் பெத்து வச்சிருக்கீங்க!"

நான் பெற்றதை எனக்கே எடுத்துக் காட்டுகிறாள். திரைச்சீலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் இருந்தபோதும் இப்படித்தான். அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு மேஜையில் தாளம் போடுவாள். நான் உள்ளே வந்தால் இரண்டு பேரும் நிறுத்துவார்கள். இது இரண்டாவது தடவை.

ஜூன் 11, புதன்

முப்பத்தோரு வருடம் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் நான். நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் எடுப்பேன். அழுதுகொண்டே பேசுகிற சாட்சி, பேச்சை மென்று விழுங்குகிற வக்கீல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவது — எல்லாம் எடுத்திருக்கிறேன்.

இன்று மாலை ஏழு மணிக்குக் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். வழக்கமான பாட்டு இல்லை; அந்த நிமிடமே கட்டிப் பாடுகிறாள் என்பது தெரிந்தது. ஓடு பதித்த அறை. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஒரு கெட்ட வார்த்தை காதில் விழுந்தது. கையோடு எடுத்து முகத்துக்கு நேரே காட்டலாம் என்று நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

பதினொரு நிமிடம். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆன கை. ஒரு சொல் விடவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் நோட்டைப் படித்தேன். கெட்ட வார்த்தைகள் ஒன்பது. அவை என்னை ஒன்றும் செய்யவில்லை. கொலை வழக்குகளில் இதைவிட மோசமானவற்றை முகம் சுளிக்காமல் எடுத்தவள். செய்தது இது:

எங்க வீட்டுல கோர்ட்டு
நான் வாயைத் தொறந்தா ரிப்போர்ட்டு
காலை எட்டுக்கே கூண்டு
என் பக்கம் பேச யாரு உண்டு

அதற்கு அடுத்தது:

தடதடன்னு மெஷின் ஓடும்
என் குரல் கேட்டா நின்னு போகும்
மம்மி காது துணிக் கிடங்கு
எல்லாச் சத்தமும் அங்கே அடங்கு

நாலு முறை படித்தேன். நன்றாக இருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை. மோசமாக இருந்திருந்தால் நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன்.

கூண்டா? அவள் சட்டைக்கு நான் இன்றைக்கும் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். மேல் பொத்தானைப் போடு என்று சொல்கிறேன். அது கூண்டா?

ஜூன் 13, வெள்ளி

டைப் அடித்தேன். சிவப்பு மையில் திருத்தினேன். "கோர்ட்டு" போன இடத்தில் "எங்கள் இல்லம் அன்பின் இல்லம்" என்று வந்தது. ஒன்பது கெட்ட வார்த்தைகளுக்கும் நல்ல சொற்கள் கண்டுபிடித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. "மம்மி" என்று இருந்த இடத்தில் "அன்னை" என்று போட்டேன். நான் படித்த கான்வென்டில் கட்டுரைத் தாளைத் திருப்பிக் கொடுப்பது போல அழகாக மடித்து அவள் மேஜையில் வைத்தேன்.

சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேனா? தெரியவில்லை.

ஜூன் 14, சனி

போய்விட்டாள்.

முதலில் சத்தம் போடவில்லை. தாளை நின்றுகொண்டே படித்தாள். "இது எப்படிம்மா உங்ககிட்ட?" என்றாள். சொன்னேன்.

"நான் குளிக்கும்போதா? கதவுக்கு வெளிய உக்காந்து எழுதினீங்களா?"

"கத்தினால் கேட்கத்தான் செய்யும். இதிலே ஒன்பது இடத்திலே—"

"வார்த்தையை விடுங்கம்மா. இந்த வரி மம்மிக்கு. அதைத் தூக்கி உங்களுக்கு வச்சுக்கிட்டீங்க. அசிங்கமா இல்ல?"

தாளைக் கிழித்தாள். நாலாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டாள், கீழே போடவில்லை. அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். பையில் இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள். நான் கத்தவில்லை. கான்வென்டில் எங்களுக்குக் கத்தச் சொல்லிக்கொடுக்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று எட்டு மணிக்குத்தான் பார்த்தேன். எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். கடைக்கு மேலே வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே சிரிப்பு. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒருத்திக்குச் சமைப்பது எப்படி என்று மறந்துபோயிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

கண்ணாடிக் கடைப் பக்கம் போனேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தாள். யாருக்கோ சட்டகம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையின் மேல் பொத்தான் போட்டிருந்தது. உள்ளே போகவில்லை.

எங்கே தவறினேன்? ராப்பின் மேல் பழி போட்டுவிடலாம், சுலபம். பேப்பரில் தினமும் யாராவது போடுகிறார்கள்: இந்தப் பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது, பெற்றவர்கள் கவனிக்க வேண்டும் என்று. கவனித்தேனே. என்னைவிட யார் கவனித்தார்கள்? பதினொரு நிமிடம் ஒரு சொல் விடாமல் கவனித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

தையல்காரி வந்தாள். திரைச்சீலையைத் தைத்து, இஸ்திரி போட்டு. ஓரத்தைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, தேடினேன்.

"நான் வந்தது அவளுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா என்னையும் வீட்டை விட்டுத் துரத்திடுவா."

"உட்காருங்கள்" என்றேன். மரியாதைக்காக.

"இருபத்தெட்டாம் தேதி நகர மன்றத்துல மேடை ஏறுறாங்க. பாட்டு வரியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணுமாம், செவ்வாய்க்கிழமைக்குள்ள. இவ எதையும் எழுத மாட்டா, வாயிலயே வச்சுக்குவா. அன்னைக்குக் குளிக்கும்போது வந்துச்சாமே ஒண்ணு, அது திரும்ப வரவே மாட்டேங்குது. ஒரு வாரமா என் வீட்டுக் குளியலறைப் பக்கெட்டை உடைக்காத குறை. அங்க ஒண்ணு இங்க ஒண்ணுதான் ஞாபகம் இருக்காம். உங்க நோட்டுல அசல் இருக்கும்ல?"

"இருக்கிறது."

"அந்த கோர்ட்டு பாட்டு."

அதை எப்படிச் சாதாரணமாகச் சொன்னாள்! அந்தப் பாட்டு யாரைப் பற்றி என்று தெரிந்துகொண்டே என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறாள். "உங்களைப் பற்றியும் நாலு வரி இருக்கிறது" என்றேன். முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நிஜமாவா? என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா!"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஜூன் 21, சனி

நோட்டு மேஜையில் இருக்கிறது. அடுப்பும் இருக்கிறது.

அந்த நாலு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? பாடியவளுக்கே நினைவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு திருட்டு வழக்கு. சாட்சி சொன்ன ஒரு கொச்சையான வாக்கியத்தை என்னோடு வேலை பார்த்தவள் இலக்கணமாக மாற்றி டைப் செய்துவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான். நீதிபதி அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்: "சாட்சி பேசினாரா, நீங்கள் பேசினீர்களா?" அடுத்த வாரம் அவளைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு நான் அவளுக்காகப் பரிதாபப்படவில்லை. சரிதான் என்று நினைத்தேன். முப்பத்தோரு வருடத்தில் யாருடைய வாய்ச்சொல்லிலும் ஓர் எழுத்தை நான் மாற்றியதில்லை. திருடர்கள், பொய்யர்கள், மனைவியை அடித்தவர்கள் — அத்தனை பேருக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தேன்.

பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கவில்லை.

டைப் அடித்தேன். கோர்ட்டு, கூண்டு, ஒன்பதும், மம்மியும். மம்மி வரும் இடத்தில் விரல் நின்றது. அடித்தேன். கடைசியில் பழக்கதோஷத்தில் எழுதினேன்: "மேற்கண்டவை சொன்னபடியே எடுக்கப்பட்டன." கையெழுத்தும் போட்டேன். தையல் கடையில் கொடுத்துவிட்டு, உட்காராமல் வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

யாரும் கூப்பிடவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். எட்டாவது வரிசை.

முந்நூறு பேர் இருப்பார்கள். ஒலிபெருக்கி நெஞ்செலும்பில் இடித்தது. அவள் வந்தாள். "எங்க வீட்டுல கோர்ட்டு" என்றதும் கூட்டம் "ஓ!" என்று எழுந்தது. இரண்டாவது தடவை பாடும்போது எல்லோரும் கூடவே கத்தினார்கள். முன்பின் அறியாத பிள்ளைகள் முந்நூறு பேர் என் வீட்டைப் பற்றிக் கத்தினார்கள். அத்தனை பேர் வீட்டிலுமா கோர்ட்டு?

எனக்கு முன்னால் ஒரு மனிதர், யாரையோ அழைத்துப் போக வந்தவர் போல, நின்றுகொண்டு மறைத்தார். திரும்பி என்னைப் பார்த்து, வயதானவள் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்திருக்க வேண்டும், "என்ன பேச்சுப் பேசுது பாருங்க இந்தப் பொண்ணு. இதையெல்லாம் பெத்தவங்க எங்கதான் இருக்காங்களோ?" என்றார்.

"இங்கேதான் இருக்கேன். நகருங்க, மேடை தெரியலை."

பாடி முடித்து மைக்கில் நன்றி சொன்னாள். மம்மிக்கு. தாளத்துக்கு. கதவு திறந்துவிட்ட காவலாளிக்கும்கூட. எனக்கு இல்லை. நான் வந்திருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று வீடுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஓரளவுதான் வேலை செய்தது.

ஜூன் 29, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பையோடு நின்றாள்.

"நாலாவது வரியில ஒரு சொல் தப்பா எடுத்திருக்கீங்க."

"நான் தப்பாக எடுக்க மாட்டேன்."

"நான்தான பாடினேன்?"

"பாடியவர்களுக்கு நினைவு இருக்காது. எடுத்தவளுக்குத்தான் இருக்கும்."

நோட்டைக் காட்டச் சொன்னாள். வளைவும் கோடும் புள்ளியுமாக இருந்ததைக் கண் கொட்டாமல் பார்த்தாள். "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" விரல் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக. பக்கத்தில் உட்கார்ந்தாள்; தோள் இடித்தது; நான் நகரவில்லை. நாலாவது வரியில் நான் எடுத்ததுதான் சரி.

"எட்டாவது வரிசையில உக்காந்திருந்தீங்கன்னு மம்மி சொன்னாங்க" என்றாள் பிறகு. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல அவங்க. போயும் போயும் காவலாளிக்கு நன்றி சொல்லிட்டு நிக்கிறேன்."

பையைத் தன் அறையில் வைத்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

சனிக்கிழமை மாலைகளில் இப்போது இங்கே நாலு பெண்கள். நின்ற இடத்தில் கட்டிப் பாடுகிறார்கள், நான் எடுக்கிறேன். திருத்துவதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பது எளிது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று தையல்காரியின் மகள் முதல் தடவையாகப் பாடினாள், தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவள். அவள் அம்மாவைப் பற்றி ஆறு வரி.

ஆறரைக்குத் தையல்காரம்மா வந்தார். மகளை அழைத்துப் போக என்றார். இருபத்து நாலு வயது மகளை, மூன்று வீடு தள்ளியிருந்து.

"கடை வெறிச்சோடிக் கிடக்குக்கா. சனிக்கிழமைன்னா இங்கதான் ஓடி வந்துடுதுங்க" என்று சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. பிறகு, திரைச்சீலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "என் பொண்ணும் பாடினாளா? என்னைப் பத்தி எதுவும்…"

"பாடினவங்ககிட்டதான் கேட்கணும். பதிவைக் காட்ட எனக்கு அனுமதி இல்லை."

சொல்லும்போது இனித்தது. மறைக்க மாட்டேன், இனித்தது.

உட்கார நாற்காலி போட்டேன். உள்ளே நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போகும் வரை அவர் அதைத் தொடவில்லை. இன்னொன்று போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.