நிம்மதியும் கரடிப்பொந்தும்

ஜூன் 14
நான் கண்டுபிடித்து அளந்துவரும் குகைக்குள் ஓடும் ஓடையில் பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்டு வந்தேன். இந்தச் சுண்ணாம்பு மலையை மழைநீர் எந்தப் பக்கமாக அரித்துக்கொண்டு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கு ஊற்றில்தான் வரும். நிலவியல் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

ஜூன் 17
கிழக்கு ஊற்றில் ஒன்றும் இல்லை. காலையில் ரூடியிடமிருந்து தொலைபேசி. விவாகரத்துக்குப் பின் அவனாகக் கூப்பிட்டதே இல்லை.

"ரெகுலா, என் மாட்டுத் தொட்டில தண்ணி பச்சைப் பசேல்னு இருக்கு. மாடு குடிச்சிட்டு என்னையே முறைக்குது. உன் வேலைதானே?"

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் அவன் குகையிலிருந்து வருகிறது. அப்படியானால் உள்ளே இரண்டும் ஒன்றா? கடவுளே.

ஜூன் 18
தூக்கமில்லை. எங்கள் குகை ஆய்வுச் சங்கத்தின் விதிப்படி, ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குள் ஆள் நுழைந்துவிட்டால், அன்றைக்கு எது நீளமோ அதன் பெயர்தான் இரண்டுக்கும். அளந்த நீளம்தான் கணக்கு, நடந்து பார்த்தது சேராது. விவாகரத்து முடிந்த வாரம் என் குகைக்கு 'நிம்மதி' என்று பெயர் வைத்தேன். அவனுடையது 'கரடிப்பொந்து'. கல்யாணத்தில் அவன் பெயரை ஒட்டிக்கொண்டு திருமதி ஆம்ஸ்டுட்ஸாக அலைந்தது போதாதா? இப்போது மலை வேறு என்னை அவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறது!

ஜூலை 9
அளந்தேன், அளந்தேன், அளந்தேன். முழங்கால் போச்சு. ஆனால் அவனைவிட முந்நூறு மீட்டர் முன்னால் இருக்கிறேன்.

ஜூலை 30
சங்கச் செயலாளர் த்ரூடி சொன்னாள்: "ரூடி அவன் குகைக்குள்ள புதுசா ஒரு சுரங்கப்பாதை கண்டுபிடிச்சிருக்கானாம்டி. போய்க்கிட்டே இருக்காம்." 

போச்சு. எல்லாம் போச்சு.

ஆகஸ்ட் 20
என் குகையின் கடைசியில், காற்று வரும் இடுக்கில் படுத்துத் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சுத்தியல் சத்தம். ஒரு கல் பெயர்ந்தது. ஓட்டை வழியாகச் சேறு படிந்த கையுறை ஒன்று பாலாடைக்கட்டித் துண்டுடன் நீண்டது.

"சாப்பிட்டியா?"

வாங்கித் தின்றேன். பசி. பிறகு ஓட்டையைப் பெரிதாக்கி அவன் என் பக்கம் வந்தான். இரண்டு குகையும் இணைந்தாயிற்று.

செப்டம்பர் 5
சங்கக் கூட்டம். தலைவர் கேட்டார்: "ரூடி, உன் புதுச் சுரங்கம் எவ்வளவு நீளம்ப்பா?"

"அளக்கல. சோம்பல்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அலமாரிக்குக் கதவு மாட்டுகிறேன் என்று சொல்லியே எங்கள் கல்யாண காலத்தை ஓட்டியவன், நம்பாமல் என்ன செய்வது? முழுக் குகைக்கும் 'நிம்மதி' என்றே பெயர். வீட்டுக்கு வந்து தனியாக ஆடினேன்.

செப்டம்பர் 12
அந்தச் சுரங்கத்தை நானே அளந்துவிடலாம் என்று போனேன். நாடா பிடிக்கும் இடத்திலெல்லாம் சுவரில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். பையிலிருந்து புட்டியை எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வாசலிலிருந்து கடைசிவரை புள்ளிகள், ஒன்று விடாமல். முழுதும் அளந்திருக்கிறான்; இதைச் சேர்த்திருந்தால் அவன் குகைதான் நீளம்.

எதற்கு இப்படிச் செய்தான்?

செப்டம்பர் 13
அவன் தொழுவத்துக்கே போய்க் கேட்டேன்.

"அளக்கலன்னு சொன்னியே?"

"ஆமா, அளக்கல."

"சுவரெல்லாம் சிவப்புப் புள்ளியா இருக்கே, ரூடி."

பால் கறந்துகொண்டே சொன்னான்:

"குகைக்கு அம்மை போட்டிருக்கும்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அந்த மாட்டின் மேல் சாய்ந்து கொஞ்சம் அழுதேன். அவன் பார்க்காத மாதிரி கறந்துகொண்டிருந்தான்.