கேன் தண்ணீருக்குக் கிடைத்த நற்சான்றிதழ்

சாரோன் நகர், மூக்கண்டப்பள்ளி,
ஓசூர்.
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம், தெருவின் தண்ணீர்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளை ஸ்டீவும் குட்டி ப்ரீதாவும் அந்த ஸ்டுட்கார்ட் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு ஜெபத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் பேப்பரில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸப்பில் எழுதினால் அதை நலச்சங்கக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். நான் சொல்லப்போவது அவரைப் பற்றியும் அந்தச் சங்கத்தைப் பற்றியும். அதனால்தான் கேழ்வரகு மாவுப் பொட்டலத்தோடு இந்தக் கடிதம் வருகிறது.

போன மாதம் நீ குடும்பக் குழுவில் அனுப்பினாயே, அரிசியில் ஆர்சனிக் இருக்கிறதாம், ப்ரீதாவுக்கு அரிசிக் கூழ் கொடுக்கவே பயமாக இருக்கிறது என்று, எல்லாம் அதிலிருந்து ஆரம்பித்தது. நான் படித்த துப்பறியும் கதைகளில் ஆர்சனிக் என்பது சொத்துள்ள பெரியப்பாவின் பாலில் கலக்கப்படும் பொருள். நம் பக்கத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பார்கள். அது யாரும் கலக்காமலேயே மண்ணிலும் பாறையிலும் இருக்கிறது, சில இடங்களில் அங்கிருந்து ஆழ்துளைத் தண்ணீரில் இறங்குகிறது, நெல் தண்ணீரில் நின்றே வளர்வதால் மற்ற தானியங்களைவிட அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது என்பதெல்லாம் நீ அனுப்பியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவேளைச் சோற்றில் ஒன்றும் ஆகிவிடாது, வருடக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்தால்தான் தோலுக்கும் இருதயத்துக்கும் கேடு, புற்றுநோய்வரை போகலாம், உடம்பின் எடைக்குப் பார்த்தால் நம்மைவிட அதிகம் சாப்பிடுகிற கைக்குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இவ்வளவும் எனக்குப் புரிந்தது. உன் அப்பா தலைப்பை மட்டும் படித்துவிட்டு, ஆயிரம் வருசமா அரிசி தின்ன வம்சம், செத்தா போயிட்டாங்க என்று கேட்டார். ஆயிரம் வருடத்தில் எல்லோரும் செத்துத்தான் போனார்கள், ஆனாலும் நான் வாதாடவில்லை. குக்கரை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்துக் கஞ்சி வடிக்க ஆரம்பித்தேன், அப்படிச் செய்தால் சோற்றிலிருந்து கணிசமாகக் குறைகிறதாம். உன் அப்பா அந்த வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து, சத்தெல்லாம் இதுலதான் இருக்குது, கீழ ஊத்தினா பாவம் என்று ஒரு சொம்பு குடித்துவிட்டு எழுந்தார். சோறு நிரபராதி ஆகிவிட்டது, வடிந்துபோனதெல்லாம் உன் அப்பா வயிற்றில் பத்திரமாக இருக்கிறது.

இத்தோடு நின்றிருந்தால் வீட்டு விவகாரம். ஆனால் அவர் நலச்சங்கத் தலைவர் அல்லவா, நம் தெருவின் போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்துவிட்டார். செயலாளர் ராமப்பனை உனக்குத் தெரியும், தெருமுனை வீடு, வாய்க்கு வாய் கன்னடம் கலந்து பேசுவார், நம் நகரில் இன்னும் இரண்டு மனை விற்காமல் வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரு பாட்டிலை வெந்நீரில் கழுவி, தண்ணீர் பிடித்து, கிருஷ்ணகிரியில் ஒரு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். தண்ணீர் அருமை, ஆர்சனிக் இல்லவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மறுநாளே தெருமுனையில் பிளெக்ஸ். ஆர்சனிக் இல்லா சாரோன் நகர் என்று பெரிய எழுத்தில், கீழே உன் அப்பா கைகூப்பி நிற்கிறார், உன் கல்யாணத்தில் எடுத்த படம், பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள், தோளில் என் முந்தானை மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் நான் யதார்த்தமாகக் கேட்டேன், நம் போர்வெல் தண்ணீரை இரண்டு நாள் பாட்டிலில் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, லேபில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, போர்வெல் தண்ணிய யாரு கொண்டுபோனா, நம்ம வீட்டுக் கேன்ல இருந்துதான் பிடிச்சேன் என்றார். நான் பார்த்த பார்வைக்கு அவருக்கே கோபம் வந்துவிட்டது. முப்பது வருசம் கம்பெனில இருந்திருக்கேன், ஆடிட்டுக்கு ஆள் வந்தா ஓடுற மெசின்ல இருந்தா பீஸ் எடுத்துக் குடுப்போம், முன்னாடியே எடுத்துத் தொடச்சு வெச்ச நல்ல பீஸத்தான குடுப்போம், வெளியாளு பாக்கறதுக்கு ஒரு மரியாத வேணாமா என்றார். இதில் மறைக்க ஏதோ இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. இந்த ஊரே ஆடிட் வருகிற நாளில் தரைக்குப் பெயிண்ட் அடித்து, ஆட்களுக்குப் புதுக் கையுறை கொடுத்து வளர்ந்த ஊர். டாக்டரிடம் போகும்போது குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவதில்லையா, அதுபோல நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு ஆரோக்கியமான பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிவைத்திருக்கிறார்கள். ராமப்பனும் அப்போதே, நல்லதா பிடிச்சுக் குடுங்க சார், நம்ம நகர் மானம் இருக்கு அல்லவா என்று ஊக்கம் கொடுத்தாராம்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் மாடியில் நம் போர்ஷனில் தமிழ்செல்வி குடியிருக்கிறாள், நீ போனில் பார்த்திருக்கிறாய், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அவளும் புருஷன் ஜெகதீஷும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறார்கள், ப்ரீதா வயதிலேயே ஒரு பையன். பிளெக்ஸ் வைத்த வாரத்திலிருந்து மாடிக்குக் கேன் போவதைக் காணோம். கேட்டேன். இனிமே எதுக்கு ஆன்ட்டி கேன், நம்ம தண்ணிதான் நல்ல தண்ணின்னு போட்டாச்சே, பையனுக்குக் கூழுக்கும் பாலுக்கும் அதத்தான் ஊத்துதேன், அதுவும் பாதியா சுண்டுற வரைக்கும் கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன் என்றாள், நான் மெச்சுவேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே. கிருமி என்றால் கொதியில் சாகும், ஜாஸ்லின். பாஷாணம் ஆவியாகிப் போவதில்லை, தண்ணீர்தான் போகிறது, மிச்சத் தண்ணீரில் அது இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பெண் இருப்பதிலேயே அக்கறையான வழியில் அந்தக் குழந்தைக்கு அதைச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதுவும் இருக்கிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியாத நிலையில். நம் வீட்டுக் கேனை அவளிடம் கொடுத்து, நான் சொல்லும்வரை பையனுக்கு இதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் டின் மலிவு என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பையில் இரண்டு பாட்டில். ஒன்றில் போர்வெல் தண்ணீர், படிகிற வெள்ளையோடு உள்ளது உள்ளபடி. இன்னொன்றில் தெருக்குழாயில் எப்போதாவது காலையில் வருகிறதே ஒகேனக்கல் தண்ணீர், அது. வழியில் குந்தாரப்பள்ளியில் சந்தை நாள், ஆட்டுக்குட்டியோடு ஏறிய ஒருவர் என் காலடியில் இருந்த பாட்டிலைப் பார்த்து, தீர்த்தமாம்மா என்று கேட்டார். அது இன்னும் தெரியலைங்க என்றேன். லேபில் இருந்த பெண் முகவரியைப் பார்த்துவிட்டு, போன மாசம் இதே நகர்ல இருந்து வந்த தண்ணி அவ்வளவு சுத்தமா இருந்துச்சே மேடம், அதே போர்தானா என்றாள். அது விருந்தாளிக்கு வைத்த தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை, தலைவர் மனைவி அல்லவா நான், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட் வந்தது. ஒகேனக்கல் தண்ணீரில் சொல்லும்படி ஒன்றுமில்லை. போர்வெல்லில் லிட்டருக்குப் பதினேழு மைக்ரோகிராம், குடிநீரில் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஊரைக் காலிசெய்து ஓடுகிற அளவு இல்லை. ஆனால் ஒரு கைக்குழந்தைக்குத் தினமும் சுண்டக் காய்ச்சிக் கொடுக்கிற அளவும் இல்லை.

ரிப்போர்ட்டை உன் அப்பா கையிலேயே கொடுத்தேன், நம் ஹாலில் கமிட்டி கூடியது. ராமப்பன் ரிப்போர்ட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, பத்துக்குப் பதினேழா, நம்ம பசங்க இப்படி மார்க் வாங்கினா ஸ்வீட் குடுப்போம் அல்லவா சார் என்றார். ராகிக் களி முத்தே திங்கற உடம்புக்கு இதெல்லாம் ஏறாது, இப்ப வெளிய சொல்லறது பேடா, வேணாம் சார், மனை பாக்க பெங்களூர்ல இருந்து பார்ட்டி வருது என்றும் சொன்னார். உன் அப்பா எங்கேயோ படித்து வைத்திருந்தார், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் முன்பெல்லாம் ஐம்பதுவரை அனுமதித்திருந்தார்களாம், அதனால் நம் தெரு முந்தைய காலக் கணக்கில் பாஸ். கடைசியில் மறுபரிசோதனை செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானம். மாதிரித் தண்ணீர் எந்தப் பாத்திரத்திலிருந்து எடுப்பது என்று தீர்மானத்தில் இல்லை. நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எல்லோரும் போன பிறகு உன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். முதல் நாள் நான் கேனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தமிழ்செல்வி வாங்கத் தயங்கினாள், அங்கிளே போட்டோ போட்டுச் சொல்லியிருக்காவளே ஆன்ட்டி, அவுக பொய் சொல்ல மாட்டாவளே என்றாள், என்று சொன்னேன். அவர் ரிமோட்டை எடுத்தார், டிவியைப் போடாமலேயே திரும்ப வைத்தார். பிறகு, என் போட்டோவப் பாத்தா கேன நிறுத்திச்சு அந்தப் பொண்ணு என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் ஏணியை எடுத்துக்கொண்டு போய், போர்வெல் தொட்டியில் சிவப்புப் பெயிண்டில், இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும், குடிக்க அல்ல என்று தன் கையாலேயே எழுதி, கீழே தலைவர் என்று போட்டுவிட்டு வந்தார். பிளெக்ஸை எடுக்க ராமப்பன் விடவில்லை, அது செயலாளர் பொறுப்பாம். இப்போது தெருமுனையில் ஆர்சனிக் இல்லை, தொட்டியில் இருக்கிறது, ஜனங்கள் இரண்டையும் படித்துவிட்டுத் தங்களுக்கு வசதியானதை நம்புகிறார்கள். ராமப்பன் உன் அப்பாவிடம் பேசுவதில்லை, எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அரிசியை வீட்டைவிட்டு விரட்டாதே, அது நமக்கு ஒன்றும் துரோகம் செய்யவில்லை, ஆனால் ப்ரீதாவுக்குத் தினமும் அது மட்டும் வேண்டாம். கேழ்வரகுக் கூழ், கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிக் கொடு. சோறு வைத்தால் நிறைய நல்ல தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடு, தண்ணீரே கெட்டது என்றால் வடித்தும் பிரயோஜனமில்லை. வடித்ததைக் கீழே ஊற்று, பாவம் வந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். மாப்பிள்ளை வெள்ளை அரிசிக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு பழுப்பு அரிசி சாப்பிடுகிறாரே, அந்தத் தவிட்டில்தான் இது அதிகமாகத் தங்குகிறதாம், நார்ச்சத்து நல்லதுதான், ஆனாலும் இதையும் பக்குவமாக அவர் காதில் போட்டு வை, நான் சொன்னதாக வேண்டாம்.

இன்னொன்று. அடுத்த தடவை போன் செய்யும்போது உன் அப்பா, டாக்டர் சொல்லி எக்ஸர்சைஸ் ஆரம்பித்திருக்கிறேன் என்று சொல்லுவார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற காலைகளில் முதல் ஆளாகக் குழாயடியில் நின்று இரண்டு குடம் பிடித்து, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி, தமிழ்செல்வி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் இறங்கி வருகிறார். நேற்று அந்தப் பெண் பார்த்துவிட்டு, நீங்க எதுக்கு அங்கிள் தூக்குதீய, எங்க வீட்டுக்காரவுக எடுத்துக்கிடுவாவ என்றாளாம், எனக்கு நடை பழக்கம் வேணும்மா, வெறுங்கையா நடந்தா ஜனங்க சிரிக்கும் என்றாராம். எக்ஸர்சைஸ் எப்படிப் போகிறது என்று நீ கேள், நல்லது அப்பா, விடாமல் செய்யுங்கள் என்று சொல், வேறு எதுவும் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

கர்த்தர் உங்கள் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதித்து, குழந்தையை உங்கள் கையில் பத்திரமாக வளர்த்துத் தருவாராக. மாவுப் பொட்டலத்தை வெயில் அடிக்கிற நாளில் ஒருமுறை உலர்த்திவிட்டு டப்பாவில் போடு.

உன் அன்பு அம்மா,
ஜெபசீலி அருள்ஜோசப்