யானைமலைப் பக்கம்

மாப்ள,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த இடத்தில் திருடிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றது இதைவிடக் கேவலம்; அதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும், போகப் போகத்தான் வரும்.

திருடியது உன் நோட்டு. ஞாயிறுதோறும் நாம் சுற்றிய இடங்களைப் பற்றி நீ எழுதி வைத்தாயே, அந்த நீள நோட்டு. பந்தி முடிந்து எல்லோரும் முன்னறையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். உன் மச்சினன் அலமாரியிலிருந்து அதை எடுத்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான் என்னமா எழுதியிருக்காரு, கேளுங்க. 'குட்லாடம்பட்டி அருவி. தண்ணீர்: பாறை ஈரமாக இருந்தது. துணை: ஈரப் பாறையில் துண்டை ஒற்றித் தேய்த்துவிட்டு, அருவியில் குளித்ததாக ஆபீசில் சொன்னான்.' அண்ணே, இது நீங்கதானே?"

"நாந்தேன்" என்றேன். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த உன் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் காரியத்தில் நீயே வந்து சிரிக்க வைத்தது போல இருந்தது. நானும் சிரித்தேன். அப்போது அவர் பக்கத்தைப் புரட்டி, "அடுத்து யானைமலை…" என்றார்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நல்ல வேளையாக, பாத்திரக்காரர் வாசலில் வந்து அண்டாவைக் கேட்டார். உன் மச்சினன் நோட்டை நாற்காலியில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். நான் போய் அதன் மேல் உட்கார்ந்தேன். ஆள் நடமாட்டம் குறைந்ததும் வேட்டிக்குள் செருகிச் சட்டையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த என்னைப் பார்த்து உன் பெரியப்பா மகன், "சாப்பாடு ஒத்துக்கலையா?" என்று கேட்டார். "துக்கம்" என்றேன். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் நம் முறை. திருடனுக்கு அது ரொம்ப வசதி.

விளாங்குடியில் பஸ் ஏறிப் பழங்காநத்தம் வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. நோட்டைத் திறந்தால் பஸ் டிக்கெட்டுகளை ஒட்டிய கோந்து வாசனை வருகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அதே ஐந்து தலைப்புகள்: தண்ணீர், நிழல், குரங்கு, கடைசி பஸ், துணை. உன்னோடு வந்த ஒரே ஆள் நான்தான். ஆகவே 'துணை' என்ற இடத்தில் எல்லாம் நான்தான் இருக்கிறேன்.

'நூபுரகங்கை. தண்ணீர்: இனிப்பு. குரங்கு: நம்மைவிட அதிகம். துணை: புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு கேட்பதற்கு முன்பே மரியாதையாகக் கொடுத்துவிட்டான்.'

'வைகை அணைப் பூங்கா. துணை: சிறுவர் ஊஞ்சலில் ஆடினான். வாட்ச்மேன் இறக்கிவிட்டார். மறுபடி ஏறினான்.'

மற்ற எல்லாப் பக்கங்களையும் இரண்டு தரம் படித்துவிட்டேன். யானைமலைப் பக்கத்தை மட்டும் கட்டை விரலால் மூடித் தாண்டிக்கொண்டே இருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பயமாகவும் இருக்கிறது.

நமக்குள் உறவு ஒன்றும் இல்லை. ஆபீசில் எதிரெதிர் மேசை, அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே நீ மாப்ள ஆனாய். நீ மாப்ள என்றால் உன் மனைவி எனக்குத் தங்கச்சி. இந்தக் கணக்கில் உன் வீட்டில் நான் தின்ற தோசைக்கு அளவே இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிறு. உனக்கு யானையின் தலையில் ஏற வேண்டும். ரோட்டில் போகிறவர்களுக்கு அது படுத்திருக்கும் யானை. பக்கத்தில் போனால் வெறும் பாறை. "வால் பக்கமா ஏறி, முதுகு மேல நடந்து, தலைக்குப் போயிட்டா கோபுரம் நாலும் தெரியும் மாப்ள" என்றாய். ஒத்தக்கடையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். தண்ணீர்க் கேனை நான் தூக்கிக்கொண்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று அப்போதே என்னிடம் இருந்தது. எனக்கு உயரம் ஆகாது. மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க என் மனைவிதான் போவாள். அதுவரை நீ கூட்டிப்போன இடங்களில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தது. படிக்கட்டு இருந்தது, மரம் இருந்தது, குரங்காவது இருந்தது. இந்தப் பாறையில் ஒன்றுமில்லை.

முதுகுக்கும் தலைக்கும் நடுவே பாறை சரிந்து ஒரு பள்ளமாக இறங்கியது. நீ உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாய். கொஞ்ச நேரத்தில் உன் குரல் கேட்டது.

"மாப்ள, இந்தப் பக்கம் வழி இல்ல. ஏறவும் முடியல, வழுக்குது. துண்டை விடு, பிடிச்சு ஏறிர்றேன்."

"வாரேன்!" என்று கத்தினேன். அந்த வார்த்தையை நிஜமாகத்தான் சொன்னேன். அதை மட்டுமாவது நீ நம்ப வேண்டும். குப்புறப் படுத்துத் தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டினேன். நீ கால் அகலத் திட்டு ஒன்றில் பாறையை ஒட்டி நின்றுகொண்டிருந்தாய். உனக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கும் கீழே மேலூர் ரோட்டில் ஒரு பஸ் போனது. அந்த பஸ்ஸின் சத்தம் மேலே வரவில்லை. பஸ் சத்தமில்லாமல் போவதைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மாப்ள, எங்க போயிட்ட?"

"வாரேன்டா!" பின்பக்கமாகத் தவழ்ந்துகொண்டே சொன்னேன்.

"மாப்ள!"

"வாரேன்!" இது இன்னும் பின்னாலிருந்து.

நாலாவது தரம் நீ கூப்பிட்டது எனக்கு எட்டவில்லை. எட்டவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். துண்டு என் தோளில் இருந்தது. தண்ணீர்க் கேன் கையில் இருந்தது. உட்கார்ந்தே சறுக்கிப் பேண்ட்டின் பின்பக்கம் கிழியக் கீழே வந்து சேர்ந்தேன்.

வந்தவன் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அடிவாரத்து நரசிங்கம் கோவில் வாசலில் ஆட்கள் இருந்தார்கள், கயிறோடு ஓடியிருப்பார்கள். சொன்னால், 'அவரை அங்க விட்டுட்டா வந்தீக?' என்று கேட்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"கூட வந்தவரு எங்கண்ணே?" என்றார் கடைக்காரர்.

"தலைக்குப் போயிருக்கான்."

அவர் வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து மலையைப் பார்த்தார். "இந்த வெயில்லயா?"

"அவனுக்குப் பழக்கம்" என்றேன்.

நான் ஆயிரம் பொய் சொன்னவன், மாப்ள. பொய்யைக் கொஞ்சம் அழகாகச் சொல்வதால்தான் நாலு பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வார்த்தைகளைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

பதினொரு மணிக்கு உன்னை விட்டேன். நீ வந்தபோது நாலு மணி. காலில் செருப்பு இல்லை. சட்டை கிழிந்திருந்தது. சுடு பாறையை உள்ளங்கையால் பிடித்துப் பிடித்து ஏறியிருக்கிறாய். இரண்டு கையிலும் தோல் இல்லை. கடையிலிருந்தவர்கள் எழுந்து வந்து உன்னைத் தாங்கி உட்கார வைத்தார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

"வாரேன்னு சொன்னியே மாப்ள?"

அதுவரை எனக்கு ஒரு சாக்கும் தோன்றியிருக்கவில்லை. நீ அந்த வார்த்தையைச் சொன்னதும் சட்டென்று தோன்றிவிட்டது.

"நம்ம ஊர்ல வாரேன்னா என்னடா அர்த்தம்? போயிட்டு வாரேன்னு அர்த்தம். நீ தலைக்குப் போற, நான் கீழ இருக்கேன்னு சொல்லிக்கிட்டுக் கெளம்புனேன். அந்தக் காத்துல நீ சொன்னது ஒண்ணும் கேக்கலடா!"

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "வாஸ்தவந்தானே! நம்மூர்ல எந்தப் பய கெளம்பும்போது போறேன்னு சொல்லியிருக்கான்? எல்லாப் பயலும் வாரேன்னுதானே போறான்!" கடை முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு தண்ணீர்க் கேனைப் பார்த்தாய். பிடிக்க உன் கை ஆகாது என்பதால் நானே உன் வாயில் ஊற்றினேன். குடித்து முடித்துவிட்டு, "அம்புட்டுத் தண்ணியும் அப்படியே இருக்கே" என்றாய்.

அன்று மாலை உன்னை வீட்டில் கொண்டுவந்து விட்டேன். தங்கச்சி மஞ்சள் பற்றுப் போட்டு இரண்டு கையையும் துணியால் சுற்றிக் கட்டியது. நீ வாரேன் கதையைச் சொன்னாய். தங்கச்சி சிரித்தது. எனக்குத் தோசை வந்தது. நாலு தின்றேன்.

அதன் பிறகு அந்தக் கதை ஆபீசின் சொத்தாகிவிட்டது. புது அதிகாரி வந்தால் சொல்வோம், யாராவது ஓய்வு பெற்றால் சொல்வோம். என்னைவிட நீதான் நன்றாகச் சொல்வாய். எங்காவது விட்டுவிட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு தரம்கூட நீ கதையை மாற்றவில்லை.

ஆனால் அப்புறம் ஒரு மேட்டுக்கும் நீ போகவில்லை. தெப்பக்குளம், கண்மாய்க் கரை, மறுபடி வைகை அணைப் பூங்கா, எல்லாம் சமதரை. உனக்குத்தான் பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தால் சும்மா இருப்பேனா? "மாப்ளைக்கு மலைன்னா இப்பக் கிலி, யானை மிதிச்சிருச்சு" என்று செக்‌ஷன் முழுக்கப் பரப்பினேன். "ஆமா மாப்ள, வயசாகுதுல்ல" என்றாய். உனக்கு அப்போது முப்பத்தைந்து. அணை மேல் நடக்கும்போது நீ எப்போதும் பள்ளத்து ஓரமாக நடப்பாய், என்னை உட்பக்கம் விட்டுவிடுவாய். அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்படியே பதின்மூன்று வருடம் போனது. போன மாதம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வந்தேன். வந்து, டாக்டரின் மீசையைப் பற்றியும் பக்கத்துக் கட்டில்காரரின் மாமியாரைப் பற்றியும் பேசிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் எழுந்து, "வாரேன் மாப்ள" என்றேன்.

நீ கண்ணைத் திறக்காமல் கேட்டாய்: "எந்த வாரேன்?"

மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். வராந்தாவில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் விடிந்ததும் செய்தி வந்தது.

உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் பதின்மூன்று வருடம் என்னோடு சிரித்தாயா? அல்லது அது உன் வழக்கமான கிண்டல்தானா? இதைக் கேட்க இனி ஆள் இல்லை. நோட்டுதான் இருக்கிறது. திருடியதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை எழுதியது முந்தாநாள். நேற்று கட்டை விரலை எடுத்துவிட்டேன்.

'யானைமலை. தண்ணீர்: இல்லை. நிழல்: இல்லை. குரங்கு: இல்லை. கடைசி பஸ்: கிடைத்தது. துணை: நல்ல துணை. உயரத்துக்குப் பயந்த சுபாவம். இனி மேடான இடத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது.'

அவ்வளவுதான். எழுத்து மற்றப் பக்கங்களைப் போல இல்லை, கொஞ்சம் உருண்டிருந்தது. கைப் புண்ணோடு சிரமப்பட்டு எழுதியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே உட்கார்ந்து அழுதேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் காபி வைத்துவிட்டுப் போனாள். உனக்குத் தெரிந்திருக்கிறது. அன்று ராத்திரிக்குள்ளேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் 'நல்ல துணை' என்று எழுதியிருக்கிறாய். இனி எனக்கு யார் என்ன நற்சான்று கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது. இந்த இரண்டு வார்த்தைகளைச் சாகும் வரை சுமந்துகொண்டு போவேன் என்று முடிவு செய்துகொண்டேன். கனமே இல்லாத சுமை.

இன்று காலை விளாங்குடிக்குப் போய் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். திருடியதையும் சொன்னேன், மலையில் செய்ததையும் சொன்னேன். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "பாரும்மா, இம்புட்டுக்கும் அப்புறம் என்னைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கான்" என்றேன்.

தங்கச்சி நோட்டை வாங்கி அந்த வரியை ஒரு தரம் பார்த்தது.

"கை ரெண்டும் கட்டுப் போட்டுக் கெடந்துச்சுல்லண்ணே. அந்தப் பக்கம் நான் எழுதுனது. அவுக சொன்னது வேற."