ஹுஸ்ன் என்றால் வடிவு

பாசல், சுவிஸ், 14.02.2024

அன்பின் ஹுஸ்னா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பெயரை அரபியில் எழுதிப் பார்த்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது, ட்ராமும் போய்விட்டது. அந்தக் கடதாசித் துண்டை இதற்குள் வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

நேற்று மாலை வகுப்பில் இடைக்கால இஸ்லாமிய மெய்யியல். அழகுக்கும் நன்மைக்கும் அரபியில் ஒரே சொல்லாம்: ஹுஸ்ன். பேராசிரியை அதை ஜெர்மனில் விளங்கப்படுத்தப் பட்ட பாட்டைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டேன். "எங்களிடம் இருக்கிறது! வடிவு! வடிவான பிள்ளை என்போம், வேலையை வடிவாய்ச் செய் என்றும் சொல்வோம். ஒரு பொருளின் உருவத்துக்கும் அதுதான் சொல்." வகுப்பே திரும்பிப் பார்த்தது. இந்த வயதிலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறேன், ஹுஸ்னா!

பஸ்ராவிலும் பக்தாத்திலும் அந்தக் கால அறிஞர்கள் இதற்காகவே சண்டை பிடித்திருக்கிறார்கள். ஒரு செயல் தன்னிலேயே வடிவானதா, கட்டளை வந்ததால் வடிவாகிறதா? அடுத்த மாதம் நான் இதைப் பற்றிப் பேச வேண்டும். அரபி ரீச்சர் நீ, எந்தப் பக்கம்?

முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு உன் விலாசம் கிடைத்தது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கம் வெளியேற்றிய அன்று நாங்கள் வீட்டில் இல்லை. அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

உன் சிவகலா


புத்தளம், 03.03.2024

எடி சிவகலா,

துண்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். இடப்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறாய், மண்டு! அரபியை வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். உன் 'வடிவை' நாளைக்கே பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன்.

நான் கட்டளைப் பக்கம். ஆனால் அந்த அறிஞர்கள் சொன்னது இறைவனின் கட்டளையை. ஊரை விட்டுப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் வந்த இயக்கப் பெடியளின் கட்டளையை அல்ல.

அன்று உங்கள் வாசல் படலையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். உம்மாவுக்குத் தண்ணீர் கேட்கத்தான். உன் செருப்பு படியில் கிடந்தது. உன்னிடம் இருந்தது ஒரே ஒரு சோடி.

ஹுஸ்னா


பாசல், 20.03.2024

ஹுஸ்னா,

வீட்டில்தான் இருந்தேன், கதவுக்குப் பின்னால். "திறவாதை, பெடியள் சொல்லிப்போட்டாங்கள்" என்றார் அப்பா. நீ முதல் தரம் கூப்பிட்டபோதே அது வடிவில்லாத வேலை என்று எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதில், ஒருவரும் சொல்லித்தராமல். பிறகு உனக்கே பொய் எழுதினேன்.

நேற்று வகுப்பில் பேசினேன். எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு அந்தக் கதவைப் பற்றிச் சொன்னேன். வெளியே வந்து ட்ராமுக்கு நிற்காமல் வீடுவரை நடந்தேன். நெஞ்சு இப்படி அடித்து எத்தனை வருடம்!

உன் பெயரை இம்முறை வலப்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறேன். திருத்தித் தா.

இன்னொன்று, இங்கே என் மனுசனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. உங்கள் பெருநாள் முடியப் புத்தளம் வருகிறேன். உன் படலையில் நின்று மூன்று தரம் கூப்பிடுவேன். உன் செருப்பு படியில் கிடந்தாலும், நீ திறக்க வேண்டும் என்றில்லை.

சிவகலா