கார்லண்ட் வயல் பாதை

1998 மார்ச் 3, செவ்வாய்

வேலிக்கதவில் பூட்டு. கட்டைவிரல் தடிமனில் சங்கிலி வேறு. சூப் பாத்திரத்தோடு மழையில் நின்றேன். கார்லண்ட் செத்த பிறகு வயலை வாங்கிய லண்டன்காரர் ரெனிக் அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறார்: "இது தனியார் நிலம்ங்க. ரோட்டு வழியா சுத்திப் போங்களேன்."

சுற்றிப் போவதாம்! அந்த வளைவில் நடைபாதையும் கிடையாது, லாரிக்காரன்களுக்குக் கண்ணும் கிடையாது. வயலைக் கடந்தால் தேவாலயத்தை ஒட்டிய முதியோர் குடியிருப்பு. சூப் ஆறுவதற்குள் அக்கா ஈனிட்டிடம் போய்விடுவேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எழுபத்திரண்டு வயதில் இனி எங்கே கற்றுக்கொள்வது?

மார்ச் 5, வியாழன்

மாவட்ட அலுவலகம். கொள்ளைநோய்க் காலத்தில் சவப்பெட்டி தூக்கிப்போன பாதை அது என்றேன். அங்கிருந்த பெண் கொட்டாவியை அடக்கினாள். பழைய வரைபடத்தில் வாத்துக்குளம் இருக்கிறது, பன்றிக்கொட்டில்கூட இருக்கிறது, பாதை மட்டும் இல்லை!

மிச்சம் ஒரே வழி. ஊர்க்காரர்கள் இருபது வருடம் பகிரங்கமாக, யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்திருக்க வேண்டும்; அப்படியானால் சட்டப்படி அது பொதுப் பாதை.

"கேட்டுட்டு நடந்திருந்தா அது அவரோட தயவுங்க, உங்க உரிமை ஆகாது" என்றாள்.

அவ்வளவுதானே! ஊரே நடந்திருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

தபால் நிலையத்து மிஸஸ் பெவரெல்: "கேட்காம எப்படி? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சு ஜாம் கொடுத்து, இந்த வருஷமும் போய்க்கலாமான்னு கார்லண்ட்கிட்ட கேட்டுட்டுதான் போவேன்." இதில் பெருமை வேறு. அடக் கடவுளே!

மார்ச் 14, சனி

பப்பில் சிரில் டப்பன்: "நாங்க என்ன காட்டுமிராண்டியா, கேட்காம நடக்க?" தேவாலயத்தில் மணியடிக்கிற எட்டுப் பேரும் கேட்டிருக்கிறார்கள். பாதிரியார் எழுதியே கேட்டாராம்! கார்லண்டும் எல்லாருக்கும் "தாராளமா" என்றிருக்கிறார். அந்தத் தாராளம்தான் இன்று கழுத்தை அறுக்கிறது.

நான்? நானும் கேட்டேன், முதல் நாளே. வளர்ப்பு அப்படி.

மார்ச் 15, ஞாயிறு

மரியாதை தெரிந்த ஊர். நாசமாய்ப் போக.

மார்ச் 20, வெள்ளி

ரோட்டு வழியாகப் போனேன். லாரி உரசிக்கொண்டு போனது. சூப் சாக்கடையில், நான் முள்வேலியில். ஈனிட் என் கையில் குத்திய முள்ளை எடுத்தபடி, "இனிமே வராதடி. பஸ் வர்ற அன்னைக்கு வந்தா போதும்" என்றாள். பஸ் வாரம் ஒரு நாள். அவளுக்கு எண்பது. எத்தனை வாரம் இருக்கிறது எங்களுக்கு?

வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில்தான் — இல்லை, பயத்தில்.

மார்ச் 24, செவ்வாய்

"கேட்காம நடந்தவன் ஜெப் ஸ்க்யூஸ் ஒருத்தன்தான்" என்று மிஸஸ் பெவரெல் முகம் சுளித்தாள். பூக்கண்காட்சியில் நடுவரைக் குளத்தில் தள்ளிய மனிதர். ஊரில் அவரோடு யாரும் பேசுவதில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

"அனுமதியா? என் காலு டீச்சரம்மா. அதுக்கு எதுக்கு அடுத்தவன் அனுமதி? முப்பது வருஷம், பட்டப்பகல்ல நடந்தேன். கார்லண்ட் வேலிக்கு மேல எட்டிப் பாத்து ஹலோன்னுவான். நானும் ஹலோன்னுவேன்."

"போகாதேன்னு சொல்லலையா?"

"அவனா? பண்பாளனாச்சே, எப்படிச் சொல்லுவான்?"

மனைவி, பிள்ளைகள், தம்பி குடும்பம் — மொத்தம் பதினோரு ஸ்க்யூஸ்கள். ஒருவர்கூடக் கேட்டதில்லை! நாற்றம் மட்டும் இல்லாவிட்டால் கட்டிப்பிடித்திருப்பேன்.

அக்டோபர் 8, வியாழன்

விசாரணை. ரெனிக்கின் வக்கீலுக்கு ஸ்க்யூஸ் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

1999 ஏப்ரல் 17, சனி

பூட்டை அறுத்துவிட்டு, 'பொதுப் பாதை' என்று பலகை நட்டுப் போனார்கள். சூப்போடு நான்தான் முதல் ஆள். ஸ்க்யூஸோ ரெனிக்குக்கே சொந்தமான பக்கத்து வயலில், மாடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்.

"ஜெப்! பாதை இங்க இருக்கு!"

"அது இப்ப சர்க்கார் பாதை டீச்சரம்மா. எனக்கு எதுக்கு? இதை இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன். இருபது வருஷத்துல ஆயிடும்."

அவருக்கு எழுபத்தொன்பது.

சுற்றுமுற்றும் பார்த்தேன். ரெனிக் ஜன்னலில்தான் நின்றார். பாத்திரத்தை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஏறிக் குதித்தேன்.

"பாதைதான் திறந்தாச்சே, பாவாடையில ஏண்டி இவ்வளவு சாணி?" என்றாள் ஈனிட்.