பேனரில் கும்பிடுவது உங்கள் கை இல்லை

என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் எதிரே கட்சிக்காரர்கள் உங்களுக்குப் பெரிய பேனர் வைத்திருக்கிறார்கள். முகம் உங்களுடையது. கும்பிடும் கை வேறு யாருடையதோ. வழவழவென்று, மோதிரம் போட்ட கை. நீங்கள் எப்போது மோதிரம் போட்டீர்கள்?

உங்கள் கை எனக்குத் தெரியாதா? குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் கடலை பிடுங்கிய கை. மழை இல்லாமல் போனதும் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் தோல் அலசிய கை. சுண்ணாம்பு தின்று நகமெல்லாம் மஞ்சளாகத் தடித்துப்போயிருந்தது. நான்தான் வெட்டிவிடுவேன். எம்.பி. ஆகி நாடாளுமன்றம் போய் வந்த பிறகும் அந்த நகம் மாறவில்லை.

டவுன் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட் காலியாகவே வரும். ஒருநாள் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "செண்டாச்சும் அடிச்சுட்டு வரலாம்ல அப்பு" என்றார். நீங்கள் அவர் காலைப் பார்த்தீர்கள்.

"மொதல்ல அந்தத் தோல் செருப்பக் கழட்டிட்டுச் சொல்லுங்கண்ணே."

பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகும் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

முதல் தேர்தலில் கட்சிக்காரர்கள் கையைத் துண்டால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். நீங்கள் தாடிக்கொம்பில் வேனை விட்டு இறங்கி, இரண்டு கையையும் நீட்டினீர்கள். "தோலு அலசுன கைதான் இது. தொடக் கூசுறவங்க ஓட்டு எனக்கு வேணாம்." அப்படிச் சொல்லியும் ஜெயித்தீர்கள்.

போன வாரம் மாவட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். "அப்பா வெவசாயின்னு மட்டும் பேசும்மா. தோல் ஷாப்பெல்லாம் எதுக்கு? நாலு சாதிக்காரனும் கேப்பான். ஒனக்குக் கவுன்சிலர் சீட்டு பேசி வச்சிருக்கேன்ல."

எனக்கு அந்த சீட் வேண்டும் அப்பா. மழை பெய்தால் நம் தெருச் சாக்கடை இன்னும் வீட்டுக்குள்தான் வருகிறது. ஆனால் உங்கள் கையை வெட்டிக் கொடுத்துவிட்டா அதை வாங்குவது?

தோல் ஷாப் வாசலில், முழங்கை வரை வெள்ளை பூத்த கையோடு நிற்பீர்களே, அந்த போட்டோவை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டுவிட்டேன். அதோடுதான் மேடை ஏறப்போகிறேன். சீட் தராவிட்டால் சுயேச்சையாக நிற்பேன். அப்போதும் நோட்டீஸில் அந்தப் படம்தான்.

பேசிட்டு வாரேன்ப்பா.

உங்கள் நகம் வெட்டிவிட்ட மகள்